எட்வின் சாட்விக்: உழைப்பாளர் உயிருக்குக் கணக்குக் கேட்ட அறிஞர்

வானுயர்ந்த மாளிகைகளையும், மலையைக் குடைந்து செல்லும் இருப்புப்பாதைகளையும், ஆற்றைக் கடக்கும் பாலங்களையும் கண்டு நாம் வியக்கின்றோம். அவற்றைக் கட்டுவித்தோர் பெயரைக் கல்வெட்டு கூறும். வரைந்து கொடுத்த பொறியாளரின் பெயரை நூல்கள் கூறும். சாரம் சரிந்து விழுந்து மாண்டவனின் பெயரையோ, பாறை வெடித்துக் கண்ணிழந்தவனின் பெயரையோ கூறுவார் இலர். அத்தகையோரின் எண்ணிக்கையையேனும் ஏட்டில் ஏற்றி, அதனை ஒரு நாட்டின் நாடாளுமன்றத்தின் முன்வைத்து, இதற்குப் பொறுப்பேற்போர் யார் என்று வினவிய பெருமகன் ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வாழ்ந்தார். அவர் பெயர் எட்வின் சாட்விக்.

கட்டுமானப் பணியிடங்களின் பாதுகாப்பிற்கென அரசு விதிகள் வகுத்தல் வேண்டுமா? முதலாளியின் நல்லெண்ணமும் தொழிலாளியின் எச்சரிக்கையும் போதாவா? இவ்வினா இன்றும் நம்மிடையே எழுவது. விதிகள் பெருகினால் வேலை தாமதப்படும், செலவு கூடும் என்பார் உளர். விதி இல்லையேல் ஏழையின் உயிர் மலிவாகிவிடும் என்பார் உளர். இவ்விரு கட்சியாரும் எதிரெதிரே நின்று வாதிட்ட முதல் பெரும் களங்களுள் ஒன்று 1846ஆம் ஆண்டில் இலண்டனில் அமைந்தது. அக்களத்தை அமைத்தவர் சாட்விக். ஆதலின் அவர்தம் வாழ்க்கையை அறிதல் இவ்வினாவிற்கு விடைகாண விழைவார்க்குப் பெரிதும் பயன்படும்.

பிறப்பும் இளமையும்

சாட்விக் 1800ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 24ஆம் நாள் மான்செஸ்டர் நகரை அடுத்த லாங்சைட் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் சாட்விக் முற்போக்கு எண்ணங்கொண்ட இதழாளர். குடும்பம் இலண்டனுக்குக் குடிபெயர்ந்தபோது எட்வின் சிறுவர். வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்தராகப் பணியாற்றிக்கொண்டே சட்டம் பயின்றார். இதழ்களுக்குக் கட்டுரை எழுதி வருவாய் தேடிக்கொண்டார். 1830ஆம் ஆண்டில் வழக்கறிஞராகப் பதிவு பெற்றார்.

அவர் 1828ஆம் ஆண்டில் ஆயுள் காப்பீடு குறித்து எழுதிய கட்டுரை அறிஞர் பலரின் கருத்தைக் கவர்ந்தது. மனிதன் எத்தனை ஆண்டு வாழ்வான் என்பது விதியால் மட்டும் வரையறுக்கப்படுவதன்று. அவன் வாழும் இடமும் செய்யும் தொழிலும் அதனைக் கூட்டவோ குறைக்கவோ வல்லன என்பது அக்கட்டுரையின் சாரம். சாட்விக்கின் பிற்கால வாழ்வு முழுவதற்கும் இஃதொன்றே வித்தாயிற்று. தவிர்க்கக்கூடிய இறப்பு ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் கவனக்குறைவால் நேர்வது என்னும் கொள்கை அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

இக்காலத்தில்தான் ஜெரமி பெந்தாம் என்னும் பேரறிஞரின் நட்பு அவருக்குக் கிட்டியது. பெரும்பான்மையோரின் நலமே சட்டத்தின் அளவுகோல் எனப் போதித்த பெந்தாம், தம் முதுமையில் சாட்விக்கைத் தம் இல்லத்திலேயே வைத்துக்கொண்டு எழுத்துப்பணியில் துணைகொண்டார். 1832ஆம் ஆண்டு பெந்தாம் மறைந்தபோது, அவர்தம் சிந்தனைகளை நடைமுறைச் சட்டங்களாக்கும் பொறுப்பு மாணவரைச் சேர்ந்தது.

நன்றும் தீதும்

சாட்விக்கின் பெயரைக் கேட்டவுடன் ஆங்கில ஏழை மக்கள் அஞ்சிய காலமும் உண்டு என்பதை மறைத்தல் வரலாற்றுக்கு நேர்மையன்று. 1834ஆம் ஆண்டின் ஏழைகள் உதவிச் சட்டத்திற்கு அடிப்படையான அறிக்கையை நாசோ சீனியர் என்னும் பொருளியல் அறிஞருடன் சேர்ந்து எழுதியவர் அவரே. உடல் வலிமையுள்ளோர் உதவி வேண்டின் பணி இல்லத்திற்குள் வந்தே பெறல் வேண்டும். அங்குள்ள வாழ்வு வெளியே உழைக்கும் கடைநிலைத் தொழிலாளியின் வாழ்வினும் தாழ்ந்ததாக இருத்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் அடிநாதம். கணக்கில் பொருந்திய இக்கொள்கை கருணையில் பொருந்தவில்லை. ஆண்டோவர் என்னும் ஊரின் பணி இல்லத்தில், உரத்திற்காக எலும்பு இடிக்கும் வேலையில் அமர்த்தப்பட்டோர் பசி பொறாது அவ்வெலும்புகளையே கடித்த செய்தி 1845ஆம் ஆண்டில் வெளிவந்து நாட்டையே உலுக்கிற்று.

சாட்விக் இச்சட்டத்தை நடத்திய ஆணையத்தின் செயலாளராக இருந்தவர். தாம் ஆணையராக அமர்த்தப்படவில்லை என்னும் மனக்குறை அவருக்கு இருந்தது. மேலதிகாரிகளோடு ஓயாத பூசலும் இருந்தது. பிறர் சொற்கேளாத பிடிவாதமும், நீண்ட விரிவுரையால் கேட்போரைச் சோர்வுறச் செய்யும் இயல்பும் அவரிடம் குடிகொண்டிருந்தன. இவ்வளவையும் அறிந்த பின்னரே அவர் செய்த நற்பணியின் அளவை நாம் சரியாக மதிப்பிடக் கூடும். இரக்க மிகுதியால் தொழிலாளர் பக்கம் சாய்ந்தவர் என்று அவரை எவரும் குறைகூற இயலாது. கணக்குப் பார்த்தே அவர் அப்பக்கம் வந்து சேர்ந்தார். அவர் வாதத்தின் வலிமையும் அதுவே.

1833ஆம் ஆண்டில் ஆலைகளில் உழைக்கும் சிறார் நிலையை ஆராய்ந்த ஆணையத்திலும் அவர் முதன்மைப் பங்கேற்றார். அதன் பயனாய் எழுந்த சட்டம் நெசவாலைகளில் ஒன்பது வயதிற்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. நான்கு ஆய்வாளர்களையும் அமர்த்தியது. சட்டம் எழுதினால் மட்டும் போதாது, அதனைச் சென்று பார்ப்பாரும் வேண்டும் என்னும் கருத்து அன்று வேர்கொண்டது. பொறிகளால் ஊறுபட்டோர்க்கு முதலாளியே ஈடு செய்தல் வேண்டும் என்றும் அவ்வாணையத்தார் பரிந்துரைத்தனர். அப்பரிந்துரை ஏற்கப்படவில்லை.

உட்ஹெட் மலையின் உள்ளே

மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஆகிய இரு தொழில் நகரங்களுக்கும் இடையே பெனைன் மலைத்தொடர் குறுக்கிட்டுக் கிடக்கின்றது. அதனைக் குடைந்து இருப்புப்பாதை அமைக்க ஒரு நிறுமம் முற்பட்டது. மூன்று மைல் நீளமுள்ள அச்சுரங்கப்பாதைக்கு உட்ஹெட் என்று பெயர். தொடக்கத்தில் சார்லஸ் விக்னோல்சும் பின்னர் ஜோசஃப் லாக்கும் தலைமைப் பொறியாளர்களாய் இருந்தனர். பணியிடத்திலேயே தங்கி மேற்பார்த்தவர் வெல்லிங்டன் பர்டன். 1839இல் தொடங்கிய பணி 1845ஆம் ஆண்டு திசம்பரில் நிறைவெய்தியது.

மலை உச்சியிலிருந்து ஐந்து செங்குத்துக் குழிகள் இறக்கப்பட்டன. அவற்றின் வழியே தொழிலாளர் கீழிறங்கி இருபுறமும் பாறையை வெடித்துச் சென்றனர். பணி மும்முரமாய் நடந்த காலத்தில் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் அங்கு உழைத்தனர். காற்றும் பனியும் அலைக்கும் அப்பாழ்நிலத்தில் ஊரும் இல்லை, கடையும் இல்லை. சுண்ணாம்புச் சாந்தின்றி அடுக்கிய கற்சுவரும் புதர்ச்செடி வேய்ந்த கூரையுமே அவர்களுக்கு வீடு. ஊதியம் வாரந்தோறும் வழங்கப்படவில்லை. ஒன்பது வாரங்களுக்கு ஒருமுறை வழங்கப்பட்டது. இடைக்காலத்தில் உணவு வேண்டுமாயின் ஒப்பந்தக்காரர் தொடர்புடைய கடையில் கடனுக்கு வாங்குதல் வேண்டும். அங்கே விலை மிகுதி, பொருளோ தரக்குறைவு. கூலி நாள் வந்தபோது கடன் கழிந்து எஞ்சியதும் மதுக்கடையில் கரைந்தது.

வெடி வைக்கும் முறையோ இன்னும் கொடியது. பாறையில் துளையிட்டு வெடிமருந்தை இட்டு, மேலே களிமண் முதலியவற்றைக் கோலால் இடித்து இறுக்குவர். இரும்புக் கோலால் இடித்தால் பாறையில் உராய்ந்து தீப்பொறி பறக்கும். மருந்து முகத்திலேயே வெடிக்கும். செப்புக் கோலால் இடித்தால் அவ்விடர் பெரிதும் குறையும். ஆயினும் செப்புக் கோல் விலை மிகுந்தது. மென்மையானதாதலின் விரைவில் வளைந்து தேய்வது. அவ்வாறே, 1831ஆம் ஆண்டிலேயே வில்லியம் பிக்ஃபோர்டு என்பார் பாதுகாப்பான திரியொன்றைக் கண்டுபிடித்திருந்தார். கொளுத்தியவன் ஓடி ஒதுங்கப் போதிய காலம் தந்து சீராக எரிவது அத்திரி. உட்ஹெட்டில் அத்திரி பயன்படுத்தப்படவில்லை. பின்னாளில் நாடாளுமன்றக் குழு காரணம் வினவியபோது, அதனால் காலம் வீணாகும், சில உயிர்களைக் காப்பதற்காக அவ்வளவு காலத்தை இழத்தல் தகாது என்னும் பொருள்பட பர்டன் விடையிறுத்தார். அவர் கொடியவர் என்று கொள்வதற்கில்லை. தம் காலத்து வழக்கத்தை ஒளிக்காமல் உரைத்தார். அவ்வழக்கமே குற்றவாளி.

காயமுற்றோர்க்கு ஹென்றி பாம்ஃப்ரெட் என்னும் மருத்துவர் சிகிச்சை அளித்து வந்தார். தொழிலாளர் தங்களுக்குள் சந்தா திரட்டி நடத்திய நோயுதவிச் சங்கமே அவருக்கு முதன்மையான ஆதரவு. ஆறாண்டுப் பணியில் 32 பேர் மாண்டனர். எலும்பு முறிந்து தோலைக் கிழித்து வெளிவந்த முறிவுகள் 23. பிற எலும்பு முறிவுகள் 74. தீப்புண், நசுக்கம், மூட்டு விலகல் முதலான கடுங்காயங்கள் 140. கண்ணிழந்தோரும் அவருள் உளர்.

கணக்கே கருவியாயிற்று

இச்செய்திகளை மான்செஸ்டர் மருத்துவர் ஜான் ராபர்ட்டன் திரட்டினார். ராபர்ட் ராலின்சன் என்னும் பொறியாளர் தம் பணியிட அனுபவத்தை எழுதி உதவினார். இவற்றைக் கொண்டு சாட்விக் தம் வாதத்தை அமைத்தார். மூவர் எழுத்தும் 1846ஆம் ஆண்டில் மான்செஸ்டர் புள்ளியியல் கழகத்தின் வாயிலாக நாட்டோர் முன்வைக்கப்பட்டன.

சாட்விக் கையாண்ட உத்தி எளியது, ஆயின் மறுத்தற்கரியது. உட்ஹெட்டில் உழைத்தோருள் நூற்றுக்கு மூவருக்கு மேல் மாண்டனர், நூற்றுக்குப் பதினால்வர் ஊறுபட்டனர் எனக் கணக்கிட்டார். பின்னர் இங்கிலாந்து பெருமையோடு நினைவுகூரும் டலவேரா, சாலமங்கா, விட்டோரியா, வாட்டர்லூ ஆகிய நான்கு போர்களின் அதிகாரபூர்வக் கணக்கை எடுத்தார். அவற்றில் மாண்ட சாதாரணப் படைவீரர் நூற்றுக்கு 2.11 பேரே. நாட்டிற்காகப் பீரங்கி முன் நின்றவனினும், நிறுமம் ஒன்றின் ஆதாயத்திற்காக மலையைக் குடைந்தவன் மிகுந்த இடரில் இருந்தான் என்பதை அவ்வெண்களே உரைத்தன. படைவீரனுக்கு நினைவுச்சின்னம் உண்டு. ஊனமுற்றோர்க்கு ஓய்வூதியம் உண்டு. சுரங்கத் தொழிலாளியின் கைம்பெண்ணுக்கு உள்ளூர் வரிப்பணத்திலிருந்து கிடைக்கும் பிச்சைச் சோறே உண்டு.

இவ்விடத்தில்தான் சாட்விக்கின் பொருளியல் அறிவு ஒளிவிடுகின்றது. விபத்திற்கு விலையே இல்லை என்று நிறுமம் எண்ணுகின்றது. உண்மையில் விலை உண்டு, அதனைச் செலுத்துபவர் வேறு என்று அவர் காட்டினார். கணவனை இழந்தவளும் தந்தையை இழந்த சிறாரும் எங்கோ உள்ள தம் சொந்த ஊரை நோக்கிச் செல்கின்றனர். அவ்வூர் மக்கள் வரி செலுத்தி அவர்களைக் காக்கின்றனர். இருப்புப்பாதையின் ஆதாயமோ பங்குதாரரைச் சேர்கின்றது. செப்புக் கோல் வாங்காது மீத்த சில காசு நிறுமத்தின் பையில் விழ, அதனால் நேர்ந்த சாவின் செலவு ஊரார் தலையில் விழுகின்றது. இது தடையற்ற வாணிகமன்று, பிறர் பொருளில் செய்யும் வாணிகம் என்பது அவர் வாதத்தின் உட்பொருள்.

தீர்வும் அக்கணக்கிலிருந்தே பிறந்தது. விபத்தைத் தடுக்கும் ஆற்றல் எவர் கையில் மிகுதியாக உள்ளதோ, அவரே அதன் செலவையும் ஏற்றல் வேண்டும். இதற்கு அவர் அடிக்கடி எடுத்துக்காட்டியது தண்டனைக் கைதிகளை ஆஸ்திரேலியாவிற்கு ஏற்றிச் சென்ற கப்பல்களின் வரலாறு. ஏற்றிய தலைகளை எண்ணிக் கூலி கொடுத்த காலத்தில் வழியிலேயே பலர் மாண்டனர். உயிரோடு கரை இறங்கிய தலைகளை எண்ணிக் கொடுக்கத் தொடங்கியபின் சாவு வெகுவாகக் குறைந்தது. கப்பல்காரரின் உள்ளம் ஒரே நாளில் உருகிவிடவில்லை. கணக்கு முறை மாறிற்று.

பிரான்சு நாட்டையும் அவர் சான்றாகக் காட்டினார். அந்நாட்டுக் குடிமைச் சட்டப்படி, கவனக்குறைவால் தீங்கு விளைவித்தோர் ஈடு செய்தல் வேண்டும். பாரீசிலிருந்து ரூவான் வரை 1843இல் திறக்கப்பட்ட இருப்புப்பாதையை அமைத்தவர்கள் ஆங்கில ஒப்பந்தக்காரர்களே. பொறியாளர் உட்ஹெட்டிற்கும் பொறியாளராய் இருந்த அதே ஜோசஃப் லாக். கால்வாயைக் கடந்த மாத்திரத்தில் அங்குள்ள சட்டத்திற்குக் கட்டுப்பட்டுப் பணி செய்ய அவர்களால் இயன்றது. தம் நாட்டில் மட்டும் அஃது இயலாது என்பது எவ்வாறு பொருந்தும்?

நாடாளுமன்றக் குழுவின் முன்

இவ்வெழுத்து எழுப்பிய கிளர்ச்சியால் 1846ஆம் ஆண்டிலேயே இருப்புப்பாதைத் தொழிலாளர் நிலையை ஆராய மக்களவை ஒரு தனிக்குழுவை அமைத்தது. பௌவெரி என்பார் அதன் தலைவர். குழுவின் முன் இரு தரப்பாரும் சாட்சியம் அளித்தனர்.

இசம்பார்ட் கிங்டம் புரூனல் அக்காலத்தின் ஈடிணையற்ற பொறியாளர். அவர் பணியாற்றிய மேற்கு இருப்புப்பாதை வேலையில் ஊறுபட்டுப் பாத் நகர மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 131 பேரின் பட்டியல் அவரிடம் காட்டப்பட்டது. பணியின் பெருமையையும் செலவான வெடிமருந்தின் அளவையும் நோக்க இத்தொகை சிறிதே என்று அவர் கருதினார். அரசின் தலையீட்டையும் அவர் விரும்பவில்லை. இடரை அறிந்தே தொழிலாளி வருகின்றான், இடருக்கேற்ற கூலியும் பெறுகின்றான் என்பது அத்தரப்பாரின் பொதுவான வாதம்.

சாமுவெல் மார்ட்டன் பீட்டோ என்னும் பெரிய ஒப்பந்தக்காரரோ வேறு வகையினர். தம் தொழிலாளர்க்கு வாரந்தோறும் ரொக்கமாகக் கூலி வழங்கியவர். கடன் கடை முறையை வெறுத்தவர். அவ்வாறு நடத்தினால் வேலையும் செம்மையாக முடிகின்றது என்பதற்கு அவர் சான்றாக விளங்கினார். நல்ல முதலாளிகள் இருக்கும்போது சட்டம் எதற்கு என்று இதனைக் கொண்டு வாதிடுவாரும் உண்டு. ஆயின் ஊன்றி நோக்கின், நல்ல முதலாளிக்கே சட்டம் முதலில் வேண்டப்படுவது. அவர் செப்புக் கோலுக்கும் நல்ல குடியிருப்புக்கும் செலவிட, அடுத்தவர் ஒன்றும் செலவிடாது குறைந்த தொகைக்கு ஒப்பந்தம் கேட்பாராயின், நற்குணமே அவருக்கு நட்டமாய் முடியும். அனைவர்க்கும் பொதுவான விதியொன்றே அறவோரைப் போட்டியிலிருந்து காப்பது.

குழு தன் அறிக்கையை அவ்வாண்டிலேயே அளித்தது. விபத்துகளுக்கு நிறுமத்தார் பொறுப்பேற்றல் வேண்டும். கூலி பணமாக, குறுகிய கால இடைவெளியில் வழங்கப்படல் வேண்டும். குடியிருப்பு நன்னிலையில் இருத்தல் வேண்டும் என்னும் பரிந்துரைகள் அதில் இருந்தன. சாட்விக்கின் கருத்து பெரும்பாலும் ஏற்கப்பட்டது எனலாம். ஆயினும் மக்களவை அவ்வறிக்கையை விவாதத்திற்கே எடுக்கவில்லை. தானிய வரிச் சிக்கலில் அமைச்சரவை கவிழ்ந்த ஆண்டு அது; இருப்புப்பாதைப் பங்குகளில் நாடே பித்துக்கொண்டிருந்த காலமும் அது. அறிக்கை பரணில் உறங்கிற்று.

அதே 1846இல் விபத்தில் இறந்தோரின் குடும்பத்தார் ஈடு கோரலாம் என்னும் சட்டம் ஒன்று நிறைவேறியது. ஆனால் தொழிலாளர் குடும்பங்களுக்கு அதன் பயன் கிட்டுவது அரிதாயிற்று. உடன் உழைக்கும் தொழிலாளியின் தவறால் நேர்ந்த விபத்திற்கு முதலாளி பொறுப்பாகார் என்னும் கோட்பாட்டை நீதிமன்றங்கள் 1837 முதல் வளர்த்து வந்தன. மேற்பார்வையாளனும் உடன் உழைப்பவனே என்று கொண்டால் எந்த விபத்துதான் முதலாளியைச் சாரும்? ஈட்டுப் பொறுப்பு ஒன்றையே நம்பியிருத்தலின் குறைபாட்டை இது நன்கு புலப்படுத்தும்.

உட்ஹெட்டில் இரண்டாம் சுரங்கப்பாதை 1847இல் தொடங்கி 1852இல் முடிந்தது. 1849ஆம் ஆண்டு அங்குப் பரவிய வாந்திபேதி 28 தொழிலாளரின் உயிரைக் குடித்தது. பாறையும் வெடிமருந்தும் மட்டுமே பணியிடத்தின் இடர்களல்ல. குடிநீரும் குடிசையும் கழிவிடமும் பாதுகாப்பைச் சேர்ந்தனவே என்பதை அம்மலை மீண்டும் உணர்த்தியது.

பொதுச் சுகாதாரத் தந்தை

சாட்விக்கின் பெயர் உலகெங்கும் நிலைபெற்றது 1842ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட தொழிலாளர் சுகாதார அறிக்கையால். மேலதிகாரிகள் தம் பெயரை அதில் இட மறுத்தமையால் அது சாட்விக்கின் பெயரிலேயே வெளிவந்தது. ரட்லண்டு என்னும் நாட்டுப்புறப் பகுதியில் உழைப்பாளர் குடும்பத்தாரின் சராசரி இறப்பு வயது 38 என்றும், மான்செஸ்டரில் அது 17 என்றும் அதில் காட்டினார். குழந்தை இறப்பின் மிகுதியே இவ்வேறுபாட்டின் பெருங்காரணம். நாட்டுப்புற ஏழை வாழ்ந்த அளவே நகரத்துச் செல்வரும் வாழ்ந்தனர் என்பது கற்றோரைத் திடுக்கிடச் செய்தது. தூய குடிநீர், மூடிய கழிவுநீர்க் குழாய் என்னும் இரண்டையும் அவர் வற்புறுத்தினார். 1848ஆம் ஆண்டில் பொதுச் சுகாதாரச் சட்டம் பிறந்தது. அதன் வழி அமைந்த வாரியத்தில் 1854 வரை அவர் பணியாற்றினார்.

இங்கும் தவறுகள் நேர்ந்தன. நோய் துர்நாற்றத்தால் பரவுவது என்று அவர் நம்பினார். அந்நம்பிக்கையால் இலண்டன் சாக்கடைகளைத் தேம்ஸ் ஆற்றில் கழுவிவிடச் செய்தமை குடிநீரை மேலும் கெடுத்தது. காரணம் பிழைபட்டது, குழாயும் தூய நீரும் என்னும் தீர்வோ காலத்தை வென்று நின்றது. உட்ஹெட் ஆய்வில் உதவிய ராலின்சன் 1855இல் கிரிமியப் போர்க்களத்திற்குச் சென்ற சுகாதாரக் குழுவில் இடம்பெற்றார் என்பதும் ஈண்டு நினைவிற்குரியது.

எதிர்ப்பு மிகுந்து 1854இல் சாட்விக் ஆண்டுக்கு ஆயிரம் பவுன் ஓய்வூதியத்துடன் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். 1868இல் ஜான் ஸ்டூவர்ட் மில்லின் ஆதரவோடு நாடாளுமன்றத் தேர்தலில் நின்று தோற்றார். எஞ்சிய ஆண்டுகளை எழுத்திலும் பேச்சிலும் கழித்தார். 1889இல் அரசு அவருக்கு வீரத்திருத்தகைப் பட்டம் வழங்கியது. மறு ஆண்டு, 1890 சூலைத் திங்கள் 6ஆம் நாள், தம் 90ஆம் வயதில் மறைந்தார்.

விதைத்தது விளைந்த விதம்

சாட்விக் வாழ்நாளிலேயே 1880இல் முதலாளி பொறுப்புச் சட்டம் வந்தது. ஆயினும் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு அதிலிருந்து விலகிக்கொள்ள வழி இருந்தது. 1897ஆம் ஆண்டின் தொழிலாளர் ஈட்டுச் சட்டமே, தவறு எவருடையது என்று ஆராயாது, பணியால் நேர்ந்த ஊறுக்கு முதலாளி ஈடு செய்தல் வேண்டும் என்றது. இருப்புப்பாதை, சுரங்கம், ஆலை ஆகியவற்றோடு, சாரம் கட்டி எழுப்பப்படும் 30 அடிக்கு மேற்பட்ட கட்டடங்களும் அதனுள் அடங்கின. பரணில் உறங்கிய அறிக்கை விழித்தெழ ஐம்பத்தோராண்டு பிடித்தது. பின்னர் 1974ஆம் ஆண்டின் பணியிட நலச் சட்டம், இடரை முன்னரே ஆராய்ந்து தடுத்தலை ஒவ்வொரு முதலாளிக்கும் கடமையாக்கியது.

நம் நாட்டிலும் இவ்வரலாற்றின் கிளைகள் உண்டு. இங்கிலாந்தின் 1846ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவி 1855இல் உயிரிழப்பு விபத்துச் சட்டமும், 1923இல் தொழிலாளர் ஈட்டுச் சட்டமும் இந்தியாவில் இயற்றப்பட்டன. தமிழகத்தில் 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர்க்கெனத் தனிச்சட்டம் நிறைவேறியது. கட்டுமானத் தொழிலாளரின் பாதுகாப்பிற்கும் நலத்திற்குமான நடுவணரசுச் சட்டம் 1996இல் வந்தது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு அதனைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. சட்டம் இருந்தும், 2014 சூன் 28ஆம் நாள் சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டுமான நிலையிலிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 உயிர்கள் மடிந்தன. பிழைப்புத் தேடிப் பிற மாநிலங்களிலிருந்து வந்தோர் அவருள் பலர். உட்ஹெட் தொழிலாளியும் ஊர் விட்டு வந்தவனே என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

நாம் பெறும் முடிபு

விதி வேண்டுமா என்னும் வினாவிற்குச் சாட்விக்கின் வாழ்வு தரும் விடை இரு கூறாக அமைகின்றது. பொறுப்பு இல்லாத இடத்தில் எச்சரிக்கை நிலைப்பதில்லை. ஆதலின் ஈட்டுப் பொறுப்பு வேண்டும். ஆனால் ஈட்டுத்தொகை சாவிற்குப் பின்னரே வருவது. ஒப்பந்தக்காரரிடமிருந்து உள்குத்தகைக்காரர், அவரிடமிருந்து மேஸ்திரி என்று பொறுப்பு கைமாறிச் செல்லும் நம் பணியிடங்களில், அது எவர் கையில் நின்றது என்று கண்டறிவதற்குள் குடும்பம் நொடித்துப்போகும். ஆகவே, சாவிற்கு முன்னரே பணியிடத்திற்குள் நுழைந்து சாரத்தையும் கயிற்றையும் தலைக்கவசத்தையும் சோதிக்கும் விதியும், அதனைச் சென்று பார்க்கும் ஆய்வாளரும் வேண்டும். இவற்றுள் ஒன்று மற்றொன்றிற்கு மாற்றாகாது.

விதிகளால் தாமதமும் செலவும் நேரும் என்பது உண்மையே. அத்தாமதத்தைத் தவிர்த்தபோது அதன் விலையைச் செலுத்தியவர் யார் என்று உட்ஹெட் மருத்துவரின் குறிப்பேடு கூறுகின்றது. பயனற்ற விதிகளைக் களைவோம். எழுதிப் பூட்டி வைக்கும் விதிகளை நடைமுறைக்குக் கொணர்வோம். விதியே வேண்டா என்பார், அச்செலவு எவர் தலையில் விழும் என்பதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர்.

இக்கல்லூரியில் பயிலும் மாணவருள் சிலர் நாளை அதிகாரிகளாகலாம். சிலர் கட்டட ஒப்பந்தக்காரராகலாம். பலர் தமக்கென ஒரு வீடேனும் கட்டுவர். பொதுக் கட்டடங்களை எழுப்பும் பொறுப்பில் உள்ள பெரியோர்களும் இதனைப் படிக்கக்கூடும். ஒப்பந்தப் பத்திரத்தில் சிமென்டிற்கும் கம்பிக்கும் கணக்குப் பார்க்கும் நாம், சாரத்தின் மேல் ஏறும் கொத்தனாருக்கும் கல் சுமக்கும் சித்தாளுக்கும் பாதுகாப்பு என்ன என்று ஒரு வரி சேர்த்துக் கேட்போமாயின், சாட்விக் எழுப்பிய வினாவை உயிரோடு வைத்திருப்போர் ஆவோம்.